பர்வதமலைக்கு ஒரு வாரம்

ஞாயிறு, சோளிங்கர்

வருகிற சனிக்கிழமை, போளூர் பக்கத்தில் உச்சியில் சிவன் கோயில் இருக்கிற பர்வதமலை ஏறுவது என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தவன் தம்பி. பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே, "ஏறிப் பாத்துடலாம்க்கா, இன்னா இப்போ" என்றான். அவனுக்கு முப்பது வயது, தினமும் ஜிம். எனக்கு நாற்பத்து மூன்று. ஆபீசில் மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போகிறவள். அதனால் யாரையும் யோசனை கேட்பதற்கு முன்னால் என் கால்களைக் கேட்டுவிடலாம் என்று இன்று காலை சோளிங்கர் போனோம்.

வேலூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பெரிய மலையில் யோக நரசிம்மர், 1305 படி, 750 அடி ஏற்றம். படியெல்லாம் கட்டினது என்பதால் பாதை சரியில்லை, கல் புரண்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. மூச்சு வாங்கினால் நாம்தான் காரணம். 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. அம்மா அதில் போனாள். தம்பியின் கண்ணும் அதன் மேலேயே இருந்தது என்று எழுதினால் கோபித்துக்கொள்வான்.

முதல் முந்நூறு படியை நான் விறுவிறுவென்று ஏறினேன். அடுத்த முந்நூறில் நாலு தடவை உட்கார்ந்தேன். அப்போது ஒரு பாட்டி, கையில் தேங்காய்ப் பையோடு, கூட வந்தவளிடம் மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். நிற்கவும் இல்லை, வேகமாகவும் போகவில்லை. பேச்சு அறுந்துபோகாத நடை. அதற்கப்புறம் நாங்களும் பேசிக்கொண்டே ஏறினோம். பேச்சு பாதியில் திக்கினால் கொஞ்சம் மெதுவாகப் போவது என்று வைத்துக்கொண்டோம். உட்கார வேண்டிய தேவையே வரவில்லை.

மேலே போய்ச் சேர 55 நிமிடம். இறங்கும்போதுதான் தொடை நடுங்கியது. ஏறுவதற்கு மூச்சு போதும், இறங்குவதற்குத்தான் முட்டி வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் நான் ரோப் கார்ல வந்தேன்" என்றாள்.

திங்கள், கணக்கு

ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பர்வதமலை உயரம் 4,500 அடிக்குக் கொஞ்சம் மேல் என்பது எல்லாரும் சொல்கிற கணக்கு. அடிவார ஊரே சில நூறு அடி உயரத்தில் இருக்கிறது. அதைக் கழித்தால் ஏற வேண்டியது ஏறத்தாழ ஐந்து சோளிங்கர்.

ஐந்து சோளிங்கர் என்று எழுதிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏற்றத்தில் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். ஒரு பக்கப் பாதை ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால், இந்தக் கணக்கில் மூன்று மணி நேரத்துக்குள் உச்சியில் இருக்க வேண்டும். ஆனால் நெய்ஸ்மித் வேலூரில் லிஃப்டில் போனவர் இல்லை. நேற்றைய என் 55 நிமிடத்தை ஐந்தால் பெருக்கினால் நாலரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. சூத்திரத்தைவிட என் கால் சொன்னதையே நம்புவது என்று முடிவு செய்தேன்.

இந்த மாதக் கடைசியில் சூரியன் வருவதே ஆறரைக்கு மேல்தான். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு மறைந்துவிடும். ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் மேலே, முக்கால் மணி நேரம் அங்கே, இறங்க மூன்று மணி நேரம். மூன்று மணிக்குக் கீழே வந்துவிடலாம். இருட்ட மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் முக்கியம். கால் பிசகினால், மழை பிடித்தால், யாராவது காணாமல் போனால் செலவழிக்க அதுதான் கையிருப்பு. ஆகவே பதினொன்றரைக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

இதை ராத்திரி வீட்டில் சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி மலைக்குப் போய்ட்டு பார்க்காம திரும்புவியா?" அவளிடம் நெய்ஸ்மித் செல்லுபடியாகவில்லை.

ஏன் ஜனவரி என்று கேட்பவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழை முடிந்து பாறை காய்ந்திருக்கும், காடு இன்னும் பச்சையாக இருக்கும். பிப்ரவரி பாதியில் இலை கொட்டி, புல் காய்ந்து, காட்டுத்தீக் காலம் ஆரம்பித்துவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சித்திரை வைகாசியில் நம்ம ஊர் வெயிலில் மொட்டைப் பாறை ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பௌர்ணமியையும் தவிர்த்தோம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். சங்கிலி பிடித்து ஏறுகிற இடத்தில் வரிசையில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

செவ்வாய், மாமாவின் கட்டை விரல்

பரண் மேலிருந்து என் மலையேற்ற ஷூவை இறக்கினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கி, ஒரே ஒரு தடவை ஏலகிரிக்குப் போட்டது. புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. பெருமையாக மாமாவிடம் காட்டினேன்.

மாமா ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சோல் ஒட்டுகிற பிரிவில் இருந்தவர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் குடும்பத்துக்கு ஒருவராவது தோலோடோ ஷூவோடோ பிழைப்பு நடத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது மாமா. அவர் ஷூவின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, குதிகாலுக்குச் சற்று மேலே கட்டை விரலால் அழுத்தினார். பழைய பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது போட்டுத் தேயறது இல்லம்மா. வச்சு வச்சே கெட்டுப் போறது" என்றார். உள்ளே இருக்கிற பாலியூரித்தேன் நுரை காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து, சில வருஷத்தில் தானாகவே உடைந்துபோகுமாம். வருஷக்கணக்கில் போடாமல் வைத்திருக்கிற ஷூவில்தான் இது அதிகம் நடக்கும். கடைக்காரர் ஏமாற்றினதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாராம். "நல்ல வேளை வீட்டுல உதிர்ந்துச்சு. மலை மேல உதிர்ந்திருந்தா சோல கைல புடிச்சிகினு இறங்கியிருப்ப."

புதிதாக வாங்கலாமா என்றால் வேண்டாம் என்றார். நாலு நாளில் புது ஷூ காலுக்குப் பழகாது, குதிகாலில் கொப்புளம்தான் வரும். தினமும் காலையில் நடக்கப் போடுகிற பழைய ஷூவையே எடுத்துக் கொடுத்தார். அடியில் வரி தேயாமல் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இறங்கும்போது கால் முன்னால் சரிந்து நகத்தில் இடிக்குமாம். "நகத்த வெட்டு. பருத்தி சாக்ஸ் வேணாம், நனைஞ்சா தோல உரிச்சிடும்."

இருபத்தாறு வருஷம் ஷூ செய்தவர் வீட்டில் எப்போதும் ரப்பர் செருப்புதான் போடுவார். அது ஏன் என்று இன்னும் கேட்கவில்லை.

புதன்

ஒன்றும் நடக்கவில்லை. தம்பி ஜிம்முக்குப் போனான். நான் லிஃப்டில் போனேன்.

வியாழன், பை

ஒரு நாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அதுவே மூன்று கிலோ. முதுகில் மூன்று கிலோவைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன், தாங்கும். பாதையில் தண்ணீர் விற்பவர்கள் இருப்பார்கள், அடிவார விலையைவிட அதிகம். அதில் தப்பே இல்லை, பாட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் அவர்கள்தானே. ஆனால் அவர்களை நம்பிப் போவது திட்டம் ஆகாது.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போகிற உப்பு திரும்ப வராது. ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்தது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுப்பார்களே, அதேதான். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் குடிக்கும்படி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டில் இப்படி, இரண்டு பாட்டில் சாதாத் தண்ணீர்.

சாப்பாட்டில்தான் சண்டை. அம்மா தயிர் சாதமும் முள்ளுக் கத்திரிக்காய் வறுவலும் என்றாள். இலவம்பாடிக் கத்திரிக்காயைக் குறை சொன்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது, ஆனாலும் தயிர் சாதம் பத்து மணிக்கே புளித்துவிடும். தம்பிக்கு ஆம்பூர் பிரியாணி. சாமி மலைக்கு அதை எடுத்துக்கொண்டு போக அம்மா விடமாட்டாள் என்று தெரிந்தேதான் கேட்டான். கடைசியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி, புளியோதரை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், நாலு வெள்ளரிக்காய். எல்லாம் வாழையிலையில் கட்டி மஞ்சப்பைக்குள். அங்கே குரங்குகள் பிளாஸ்டிக் உறை சரசரக்கிற சத்தத்துக்கே ஓடி வருமாம்.

அப்புறம் டார்ச் இரண்டு. பகல் நடைக்கு எதற்கு என்று தம்பி கேட்டான். பகல் நடை பகலிலேயே முடியும் என்று யார் சொன்னது என்றேன். ஒரு விசில், கிரேப் பேண்டேஜ், மெல்லிய மழைக்கோட்டு, போனுக்கு ஒரு பவர் பேங்க். தீப்பெட்டி எதற்கும் வேண்டாம். கற்பூரம் வேண்டுமானால் மேலே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு அம்மா அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே இருக்கிற மல்லிகார்ஜுனேஸ்வரருக்கு நாமே கையால் அபிஷேகம் பண்ணலாம், அதற்கு. "அங்க தண்ணி கிடைக்காதா?" என்றான் தம்பி. "கிடைச்சா இன்னா? நம்ம வீட்டுத் தண்ணி" என்றாள். என் கணக்கில் இந்த அரைக் கிலோ இல்லை. எடுத்து வைத்தேன்.

வெள்ளி, போளூர்

ஆபீஸ் முடிந்து ஐந்தரைக்கு வேலூரில் பஸ் ஏறினோம். கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல். வலது கைப்பக்கம் ஜவ்வாது மலை இருட்டுகிற வரைக்கும் கூடவே வந்தது. வழியில் எங்கேயோ மாவட்டம் மாறிவிட்டது. 1989இல் வடாற்காட்டைப் பிரித்தபோது திருவண்ணாமலை தனியானது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரை விட்டுப் போயின. அப்பா இருந்தவரை எல்லாம் வடாற்காடுதான். போளூருக்குப் போவதை அவர் வெளியூர்ப் பயணமாகவே ஒத்துக்கொண்டதில்லை.

சித்தப்பா வீடு போளூர். அறுபத்திரண்டு வயது. ஊருக்குள் இருக்கிற சம்பத்கிரியைக் காலை நடைக்கு ஏறுகிறவர். பர்வதமலை எத்தனை தடவை என்று கேட்டால், "எண்ணிகினா இருக்கேன்?" என்பார். என் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பதினொன்றரை என்ற இடத்தில் விரல் வைத்து, "இது நல்லா இருக்குது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மலைக்கு இரண்டு வழி. தென்மாதிமங்கலம் பக்கம் ஒன்று, கடலாடிப் பக்கம் ஒன்று. மேலே போய் இரண்டும் சேர்ந்துகொள்ளும். எங்களுக்குத் தென்மாதிமங்கலம் வழிதான். படிக்கட்டு அதிகம், டீக்கடை உண்டு, சித்தப்பா தெரு ஆட்டோக்காரர் அங்கேயே காத்திருப்பார்.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் மலைபடுகடாம் எடுத்துப் படித்தேன். தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்தபோது தேர்வுக்காகப் படித்தது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. செங்கண்மா என்பது நம்ம செங்கம். அதில் வருகிற நவிரமலை பர்வதமலைதான் என்று சொல்வார்கள்.

தேர்வுக்குப் படித்தபோது இதெல்லாம் உவமை, வருணனை. நாளைக்கு ஏறப்போகிறவள் படித்தால் முழுக்க முழுக்கப் பயணத் திட்டம். தினைப்புனத்துக்குப் பன்றி வராமலிருக்க வழியோரம் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காதே, விடிந்த பிறகு கிளம்பு என்கிறது. காவல்காரன் யானையை விரட்டக் கவணில் கல் எறிவான், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள் என்கிறது. வழி பிரிகிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்றுகூட இருக்கிறது. அந்த ஊருக்குப் புதியவர்களான நீங்கள், சந்தியைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கும் என்று.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் பெயிண்ட்ல அம்புக்குறி போட்டிருப்பான், தூங்குக்கா" என்றான்.

சனி, மலை

மூன்றே முக்காலுக்கு எழுந்தோம். ஐந்தே முக்காலுக்கு அடிவாரம். டீ. பச்சையம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து ஷூ நாடாவை இரண்டாம் முறை இறுக்கினேன். வெறுங்காலோடு வந்திருந்த ஒரு கூட்டம் என் காலைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தது. கண்ணுக்கு வழி தெரிகிற அளவு வெளுத்ததும், ஆறு பத்துக்குக் கிளம்பினோம்.

படிகள் இருக்கிற வரைக்கும் சோளிங்கர்தான். இரண்டு பக்கமும் மரம், பனி சொட்டுகிற சத்தம், எங்களுக்கு முன்னாலேயே போய்த் திரும்பிப் பார்த்து நிற்கிற ஒரு செவலை நாய். சித்தப்பாவின் நடை சோளிங்கர் பாட்டியின் நடை. போளூரில் யார் வீட்டு நிலம் யாருக்குப் போனது என்று ஒரு சர்வே நம்பர் விடாமல் சொல்லிக்கொண்டே ஏறினார். தம்பி ஐம்பது படி முன்னால் ஓடுவான், உட்கார்ந்து மூச்சு வாங்குவான், நாங்கள் தாண்டுவோம், மறுபடி ஓடுவான். "மலை எங்கியும் ஓடிப் போய்டாது நைனா" என்று சித்தப்பா ஒரு தடவைதான் சொன்னார்.

படி முடிந்ததும் கல்லும் வேருமான பாதை. வெயில் வந்துவிட்டது, ஆனால் மலையின் நிழல் எங்கள் மேல் இருந்தது. சித்தப்பா போகிற போக்கில் மரங்களைத் தொட்டுத் தொட்டுப் போனார். சில மரங்களை நான் கேட்டேன். பாதிக்குப் பெயர் சொன்னார், மீதிக்கு "இது ஒரு மரம்" என்றார். எட்டரைக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து இட்லி பிரித்தோம். மஞ்சப்பை ராசி பலிக்கவில்லை. குரங்குக்கு அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தது. புளியோதரைப் பொட்டலம் அப்படியே போனது. மேல் கிளையில் உட்கார்ந்து வாழையிலையைப் பிரித்து, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை எங்கள் தலையில் கொட்டியது.

அதற்கு மேலேதான் உண்மையான மலை. காடு முடிந்து பாறை நிமிர்கிறது. கடப்பாறைப் படி என்பது பெயர் மட்டும் இல்லை. பாறையில் துளைபோட்டு இரும்புக் கம்பிகளை நட்டிருக்கிறார்கள், அதன் மேல் கால் வைத்து, பக்கத்தில் தொங்குகிற சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். இங்கே சித்தப்பா ஷூவைக் கழற்றச் சொன்னார். கம்பியில் கால் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். நகம் வெட்டி, சாக்ஸ் மாற்றி, மாமாவின் கட்டை விரல் பரிசோதனையில் தேறிய ஷூவை நாடா முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். காலை நேரத்து இரும்பு அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

தண்டவாளப் படி, ஏணிப்படி, கடைசியில் ஆகாயப் படி. ஆகாயப் படி என்று பெயர் வைத்தவர் அங்கே நின்று கீழே பார்த்தவராகத்தான் இருப்பார். நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த சித்தப்பாவின் குதிகாலை மட்டும் பார்த்தேன். இரண்டு வெடிப்பு, ஒரு பழைய தழும்பு. அதை இப்போதும் வரைந்து காட்ட முடியும்.

பத்து ஐம்பதுக்கு உச்சி. நாலு மணி நாற்பது நிமிடம். ஐந்து சோளிங்கர் கணக்கு ஐந்து நிமிடம்தான் தவறியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, ஆபீசிலும் சொல்வேன். சின்னக் கோயில். மல்லிகார்ஜுனேஸ்வரர், பக்கத்தில் பிரமராம்பிகை. அம்மாவின் அரை லிட்டரைத் தம்பிதான் ஊற்றினான். ஊற்றி முடித்ததும் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் எழுந்துவிட்டான். வெளியே ஜவ்வாது மலை மடிப்பு மடிப்பாகப் போய்க்கொண்டே இருந்தது, கீழே வயல்கள் துண்டு துண்டாக. காற்றில் நின்று பேச முடியவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு இறங்க ஆரம்பித்தோம். சங்கிலி இடம் தாண்டி ஷூ போட்டதும் தம்பி முன்னால் போய்விட்டான். எனக்கு இடது முட்டி முனக ஆரம்பித்திருந்தது, பேண்டேஜ் சுற்றிக்கொண்டு சித்தப்பாவோடு மெதுவாக வந்தேன். கீழே டீக்கடையில் இருப்பான் என்று நினைத்தேன்.

இரண்டு நாற்பதுக்கு அடிவாரம். டீக்கடையில் அவன் இல்லை. ஆட்டோக்காரர் பார்க்கவில்லை என்றார். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பின்னால் இறங்கி வந்த ஒவ்வொருவரிடமும் நீலச் சட்டை, ஒல்லி என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று மணி ஆனது. மூன்றேகால். என் தாளில் அழகாக மிச்சம் பிடித்து வைத்திருந்த மூன்று மணி நேரம் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, திரும்ப ஏறத் தயாராகிவிட்டார்.

மூன்று முப்பத்தைந்துக்குப் புது நம்பரிலிருந்து போன். "அக்கா, வண்டி எங்க நிக்குது? இங்க ஒண்ணையும் காணோமே."

"எங்கடா இருக்க?"

பக்கத்தில் யாரையோ கேட்கிற சத்தம். "கடலாடியாம்க்கா."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது, சித்தப்பாவே திரும்பிப் பார்த்தார். ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், ஒரு வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டம்மா எங்களைப் பார்த்ததும் இன்னும் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். இப்படி வழி மாறி இறங்குகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் போலிருந்தது.

திரும்பி வரும்போது சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. போளூர் கிட்டே வந்ததும், "தப்பு என்னுதுதாம்மா" என்றார். "அங்க வழி பிரியுதுன்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்கு அது ஒரே வழி."

யோசித்துப் பார்த்தால் எனக்கும் அங்கே ஒரு பிரிவு இருந்ததாக நினைவில்லை. ஏறும்போது அது பிரிவு இல்லை. நமக்குப் பின்னாலிருந்து ஒரு பாதை வந்து சேர்ந்துகொள்கிறது, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்த்துப் போகிறவர் யார் அதைக் கவனிக்கிறார்? இறங்கும்போதுதான் அது இரண்டாகத் தெரியும், அதுவும் தனியாக முன்னால் வருகிறவனுக்கு. இரண்டு வழி இருக்கிறது, மேலே சேர்கிறது என்று நேற்று ராத்திரி நானே இங்கே எழுதியிருக்கிறேன். புல்லை முடிந்து வைக்கச் சொன்ன பாட்டைப் பற்றியும் அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அது பாட்டு, சித்தப்பாவுக்கு அது பழகின வழி, தம்பிக்குப் பெயிண்ட் அம்புக்குறி. அம்புக்குறி இருந்ததா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்.

ஞாயிறு, வேலூர்

மாடிப்படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, நண்டு மாதிரி இறங்குகிறேன். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இந்த வலியாம், நாளைக்கு இன்னும் அதிகமாக இருக்கும் என்றான் தம்பி. ஜிம்மில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவனும் நண்டு நடைதான்.

மாமா வந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அம்மாவுக்கு ஒரே கேள்விதான், தண்ணீரை யார் ஊற்றியது. தம்பி என்றதும் அவனுக்கு மத்தியானம் பிரியாணி வந்தது.

சாயங்காலம் சித்தப்பா போன் பண்ணினார். தெருப் பிள்ளைகள் நாலு பேர் அடுத்த மாதம் பர்வதமலைக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

"ஏம்மா, அந்தப் பாட்டுல புல்ல எப்படி முடியணும்னு எதனா சொல்லியிருக்குதா?"

எடுத்துப் பார்த்தேன். முடிந்து இடுங்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தப் புல், என்ன முடிச்சு என்று இல்லை.

"அப்ப மஞ்சம்புல்லுதான்" என்றார். "அங்க அதான் நீட்டமா வளரும்."